ஆறு நிறத்தில் ஒரு முகம்

என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். கறுப்புக் கோட்டால் எல்லை கட்டிய வட்ட முகம், நரையில்லாத கொண்டை, சுருக்கமே இல்லாத கன்னம். அது நான்தான் என்று சொன்னால் வீட்டுக்கு வருகிறவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். படத்திலுள்ள மூக்குக்கண்ணாடியைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்து உட்காரும் என் பழைய கண்ணாடியை, படத்தைச் செய்து தந்தவள் இம்மியும் மாற்றாமல் வரைந்திருந்தாள்.

"முகத்தை என்னவும் செய்யலாம் ரீச்சர். உங்கடை மூக்குக்கண்ணாடியிலை கை வைச்சா அது நீங்கள் இல்லை."

இத்தாலியின் பலேர்மோ நகரில், கபோ சந்தைக்குப் பின்னாலுள்ள சந்து ஒன்றில், நான்காம் மாடியில் நானும் அவளும் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். அவளுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை, நடுவில் ஒரு சமையலறை. பகலில் நான் வயதான இத்தாலிய அம்மா ஒருவரை, ஒரு சிஞ்ஞோராவை, பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஊரில் ஆசிரியையாக இருந்த பழக்கத்தால் எல்லோருக்கும் நான் 'ரீச்சர்'. அவள் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். கணவரை இழந்து, அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த மகளை நீர்கொழும்பில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்திருந்தாள்.

அவள் காலையில் சந்தையோரத்துப் பொரியல் கடையொன்றில் கடலைமா வில்லைகளை எண்ணெயில் இடுவாள். அவற்றைப் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தின்பது இந்த நகரத்தாரின் பழக்கம். மாலையில் ஒரு வீட்டைக் கூட்டித் துடைப்பாள். அந்த வீட்டுக்காரி, மகன் புதிது வாங்கியபோது பழைய கணினியை இவளிடம் தள்ளிவிட்டாள். படங்களைத் திருத்தும் மென்பொருளின் திருட்டு நகலை இவள் பல்லாரோ சந்தையில் வாங்கினாள். அது முழுவதும் இத்தாலிய மொழியில் இருந்தது. கரண்டிக்கு இத்தாலியச் சொல் தெரியாமல் கையால் கிண்டிக் காட்டுகிறவள், நிறச்செறிவைக் குறிக்கும் சொல்லை ஒரு பேராசிரியரைப் போல உச்சரிப்பாள். அவளுடைய முதலாளியம்மா ஒருமுறை என்னிடம் கேட்டாள்: "இவள் உங்கள் நாட்டில் ஓவியராக இருந்தாளா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் இந்தச் சொற்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன?"

புகைப்படத்தைச் சித்திரமாக்கும் வித்தையை அவளாகவே தட்டித் தடவிக் கண்டுபிடித்தாள். முதலில் படத்தின்மேல் அதே படத்தின் இன்னொரு பிரதியை அடுக்குவாள். நிறங்களைக் குறைத்துக்கொண்டே வந்து ஆறில் நிறுத்துவாள். ஆயிரம் சாயலாக இருந்த தோல் ஒரே நிறமாகிப் பளபளக்கும். நிழலுக்கு இன்னொரு நிறம். பிறகு எல்லைகளுக்குக் கறுப்புக் கோடு. கண்ணைச் சற்றுப் பெரிதாக்கி, மூக்கை இரண்டு புள்ளிகளாக முடித்துவிடுவாள்.

"ஆறு காணும் ரீச்சர். ஏழாவது நிறம் வந்தா முகத்திலை வயசு ஏறத் தொடங்கும்."

பிறந்தநாள் மண்டப வாசலில் பிள்ளையின் கார்ட்டூனை ஆளுயர மட்டையில் ஒட்டி நிறுத்துவது அந்நாட்களில் எங்களவரிடையே ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. முதல் நற்கருணை, பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியச் சடங்கு, திருமணம், எல்லாவற்றுக்கும் அவளைத் தேடி வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அண்ணர் ஒருவர், ஊரிலிருக்கும் மனைவிக்கு அனுப்பத் தன் படத்தோடு வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் வழுக்கை.

"அண்ணை, தலையிலை கொஞ்சம் போடவோ, கனக்கப் போடவோ?"

"கொஞ்சம் போடு பிள்ளை. கனக்கப் போட்டா மனுசி சந்தேகப்படுவா."

"நான் போடுற அளவிலை அவ அடுத்த பிளேனிலை வந்திறங்குவா, இருந்து பாருங்கோ."

நான் குறுக்கிட்டு, இது பொய்யல்லவா என்று கேட்டேன். அவள் சுட்டியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"உள்ளது உள்ளபடி தெரியவேணுமெண்டா நேரிலை வந்து பாக்கட்டும் ரீச்சர். அவ்வளவு தூரம் போற படம் வடிவாய்த்தான் போகவேணும்."

இந்த ஒரு வாக்கியத்தில் அவள் முழுவதும் இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. படத்தில் மட்டுமல்ல, பேச்சிலும் அவள் அப்படித்தான். ஞாயிறுகளில் எங்களவர்கள் பெல்லக்ரீனோ மலையேறி, நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவை வணங்கிவிட்டு இறங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் மகளுக்குத் தொலைபேசி எடுப்பாள். எங்கோ கடலுக்கப்பால் ரிசீவரைப் பிடித்திருக்கும் அந்தக் குழந்தை எப்போதும் ஒரே கேள்வியோடுதான் தொடங்கும்:

"அம்மா, இப்ப எங்கை நிக்கிறீங்கள்?"

கையில் வெங்காயத்தோடு நிற்பாள். கண்ணில் நீர் வழியும். ஆனால் அவள் சொல்லும் பதில் வேறு: "கடற்கரையிலை நிக்கிறன் குஞ்சு. வெள்ளைக் கப்பல் ஒண்டு போகுது. மேலை ஒரு நாய்க்குட்டி நிண்டு கையாட்டுது." நான் சோற்றைக் கிளறியபடி அந்த நாய்க்குட்டியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பொய்களில் எனக்குச் சிறிதும் வருத்தமிருந்ததில்லை. தூரத்திலிருக்கும் குழந்தைக்கு வெங்காயத்தைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பொரியல் கடையில் அது நடந்த காலையில் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்தார்கள். ஈரம் உலராத கரண்டி ஒன்று கொதிக்கும் எண்ணெய்க்குள் விழுந்திருந்தது. வலக் கன்னத்திலிருந்து காதின் கீழாகக் கழுத்துவரை கட்டுப் போட்டிருந்தார்கள். வாயைத் திறக்க முடியாமல், பற்களுக்கிடையால் அவள் சொன்ன முதல் வார்த்தை இது: "அக்காவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. பிள்ளைக்குத் தெரிஞ்சிடும்."

மகளின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் தன் புதிய படம் ஒன்றை அனுப்புவாள். அக்கா அதை வீட்டுக்கருகே உள்ள இணைய நெற் கஃபேயில் அச்செடுத்துக் குழந்தைக்குக் கொடுப்பாள். கட்டு அவிழ்த்த பிறகு கன்னத்தில் இருந்ததை நான் வர்ணிக்கப்போவதில்லை. அவள் குளியலறையிலிருந்து வந்து கணினிக்கு முன் உட்கார்ந்தாள். விபத்துக்கு முன் மொண்டெல்லோக் கடற்கரையில் எடுத்த படமொன்றைத் திறந்தாள். அதைக் கார்ட்டூனாக்கினாள். நீலச் சட்டை, ஒற்றைப் பின்னல், இரண்டு புள்ளி மூக்கு. கீழே 'அம்மா' என்று எழுதி அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு தொலைபேசியில் குழந்தை கத்தியது எனக்கே கேட்டது. "அம்மா கார்ட்டூனிலை வாறா! பெரியம்மா, அம்மா ரீவியிலை வாற மாதிரி! இன்னும் அனுப்புங்கோ அம்மா!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தப்பித்துவிட்டவளின் பார்வை அது. மீண்டும் போக ஓர் இடம் கிடைத்துவிட்டவளின் பார்வை என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும்.

பிறகு படங்கள் தொடர்ந்து போயின. அம்மா குதிரைவண்டியில். அம்மா சாந்தா ரொசாலியாவோடு கைகோத்தபடி. அம்மா துறைமுகத்தில், நேப்பிள்ஸுக்குப் போகும் கப்பலுக்குக் கைக்குட்டை வீசியபடி. பக்கத்தில் சாய்ந்த மூக்குக்கண்ணாடியோடு நான். மகள் அவற்றையெல்லாம் வெட்டிக் கட்டிலருகே சுவரில் ஒட்டினாளாம். கணினியில் கமெரா பூட்டி முகம் பார்த்துக் கதைக்கும் வழக்கம் எங்களிடையே பரவியபோது, எங்கள் கணினி அதற்குத் தோதில்லாத பழையது என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

ஒன்றை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். புதிய புகைப்படங்கள் எடுப்பதில்லை என்பதால், அவள் ஒவ்வொரு கார்ட்டூனையும் முந்தைய கார்ட்டூனிலிருந்தே செய்துவந்தாள். ஒவ்வொரு முறையும் கண் சற்று வளர்ந்தது. மோவாய் சற்றுச் சிறுத்தது. பிரதியின் பிரதியாக, அதன் பிரதியாக, அந்த நீலச் சட்டைப் பெண் மெல்ல மெல்ல வேறொருத்தியாகிக்கொண்டிருந்தாள்.

"இது நீர் இல்லையே," என்றேன்.

"ஆர் சொன்னது? கீழை அம்மா எண்டு போட்டிருக்கு."

"பெயரைப் போட்டால் ஆளாகிவிடுமோ?"

"சும்மா இருங்கோ ரீச்சர். உங்கடை கையிலை படம் ஒரு கட்டுரை மாதிரி. எல்லாத்துக்கும் ஆதாரம் கேப்பியள்."

பள்ளிக்கூடத்தில் அம்மாவை வரையச் சொன்னார்களாம். மகள் வரைந்ததை அக்கா அனுப்பியிருந்தாள். நீலச் சட்டை, பின்னல், பிரம்மாண்டமான கண்கள், மூக்கிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகள். பக்கத்தில் அக்காவையும் வரைந்திருந்தது குழந்தை. பெரியம்மாவுக்கு நல்ல நீளமான மூக்கு, மூக்கில் மின்னும் மூக்குத்தி, நெற்றியில் கோடுகள், கையில் அகப்பை. அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். "அக்கான்ரை மூக்கைப் பாத்தியளே!" பிறகு அந்தத் தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். ஒட்டியவள் நகரவில்லை. நான் வேலைக்குப் போய் வந்த பிறகும் அவள் அன்று கணினியைத் திறந்திருக்கவில்லை.

மகளை அழைக்கும் விண்ணப்பம் போடும் நேரம் வந்தது. அதற்கு முன் அவளுடைய பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட வேண்டும். வதிவிட அனுமதியை எங்களவர் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். புதுப்பிக்கப் புதிய படம் வேண்டும். புகையிரத நிலையத்தில் காசு போட்டால் தானே படமெடுத்துத் தரும், திரைச்சீலை போட்ட படக்கூண்டு ஒன்று உண்டு. அதற்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது படங்களைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"நீங்களே குடுங்கோ ரீச்சர், கஸ்தூராவிலை." பிறகு, அந்தக் குடிவரவுப் பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது, மெல்லிய குரலில்: "இதிலை ரெண்டு கோடு இழுத்துக் குடுத்தா எடுக்கமாட்டினமோ?"

"மூக்கில்லாதவர்களுக்குப் பெர்மெஸ்ஸோ கொடுக்கிறார்களோ தெரியவில்லை," என்றேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி அவள் சிரித்தாள். கைக்குட்டை கன்னத்திலிருந்து நழுவியதும் சிரிப்பு நின்றது.

ஒரு படம் மிஞ்சியது. அதை மகளுக்கு அனுப்பும்படி நான் கேட்டுக்கொண்டேன். அவள் மறுக்கவில்லை. "அனுப்பத்தான் வேணும். எனக்கும் விளங்குது." அதைக் கணினிக்குள் ஏற்றித் திறந்தாள். திரை நிறைய அவளுடைய முகம். நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் வெளிச்சம் மட்டும் கூட்டுறன். அந்தக் கூண்டுக்குள்ளை ஒரே இருட்டு."

கூட்டினாள். நியாயம்தான், அந்தக் கூண்டு இருட்டுத்தான்.

"தோலை ஒருக்கா மெதுவாக்குறன். கடதாசிச் சொரசொரப்பு."

அதுவும் நியாயம் போலத்தான் இருந்தது. அப்படியே ஒவ்வொரு நியாயமாகக் கடந்து, விரல் தானாக அந்தப் பழைய பாதையில் ஓடி, நிறங்களை ஆறில் கொண்டுவந்து நிறுத்தியது. தழும்பு கன்னத்து நிழலோடு கலந்து காணாமற்போனது. அவள் சுட்டியை விட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாருங்கோ ரீச்சர். நான் ஒண்டும் செய்யேல்லை. அதுவாய்ப் போகுது."

அந்தப் படத்தை அனுப்பாமலே மூடிவிட்டு அவள் எழுந்தாள்.

சில நாள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கார்ட்டூனிலேயே, வலக் கன்னத்தில், மண்ணிறத்தில் ஒரு சிறு திட்டு. அதற்கு மட்டும் ஏழாவதாக ஒரு நிறம் சேர்த்திருந்தாள்.

"மெல்ல மெல்லப் பழக்குவம். இந்த முறை இவ்வளவு. அடுத்த முறை காதுவரைக்கும். வந்து இறங்கேக்கை அவளுக்குப் புதினமாய் இராது."

அது நல்ல யோசனை என்றே எனக்கும் பட்டது. அடுத்த ஞாயிறு நானும் தொலைபேசிக்கருகே நின்றேன். கேள்வி வந்தது.

"அம்மா, கன்னத்திலை என்ன? சொக்லேற்றோ?"

அவள் கண்ணை மூடினாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். உள்ளதைச் சொல்ல அந்தக் குழந்தையே ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது.

"ஓம் குஞ்சு," என்றாள். "சொக்லேற்."

அதற்கடுத்த படத்தில் அம்மா மொண்டெல்லோவில் சொக்லேற் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் முழுவதும் அப்பியிருந்தது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் விசா கிடைத்தது. விடுமுறைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் கோயிற் குடும்பமொன்று குழந்தையைக் கூட்டிவந்தது. விமான நிலையத்தில் பொதிக்காகக் காத்திருந்த அவர்கள், எங்களைக் கண்ணாடிக் கதவினூடே கண்டு, குழந்தையை முன்னால் அனுப்பினார்கள். ஏழு வயது. கம்பளிச் சட்டைக்குள் பாதி மறைந்த உடம்பு. தோளில் ஒரு சிறு பை, ஒரு கையில் சுருட்டிய படம். துறைமுகப் படம் அது, அம்மாவும் நானும் கப்பலும்.

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். புதிதாக வாங்கிய நீலச் சட்டை, பின்னல், கழுத்தைச் சுற்றிக் கன்னம்வரை ஏற்றிய சால்வை. குழந்தை ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தது. அவளுடைய முகத்திலும் அந்தப் பார்வை வந்து நின்றது. மற்ற முகங்களில் நின்ற அளவே நின்று, விலகியது. பிறகு என் மூக்கின் மேல் வந்து மலர்ந்தது.

"ரீச்சர் அன்ரி!"

ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. "அம்மா எங்கை?"

நான் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவள் அவளல்லவா என்று நான் காத்திருந்தேன். கடைசியில் அவள் சொன்னாள்:

"குஞ்சு."

அந்தக் குரலைக் குழந்தைக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரிந்த குரல். சட்டென்று திரும்பியது, முகமெல்லாம் வெளிச்சமாக. திரும்பி, அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் நின்ற கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்துத் தேடியது.

அவள் சால்வையை இறக்கினாள். "நான்தான் குஞ்சு. இஞ்சை."

குழந்தை பார்த்தது. படத்தை விரித்து அதையும் பார்த்தது. மறுபடி அவளை, அந்தக் கன்னத்தை, காதின் கீழே கழுத்துவரை.

"அது சொக்லேற் இல்லை, என்ன?"

"இல்லை குஞ்சு. எண்ணெய். வேலையிலை தெறிச்சது."

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும். அது என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். தாய் நீட்டிய கையில் தோள்பையைக் கொடுத்தது. தன்னைக் கொடுக்கவில்லை.

நகரத்துக்குப் போகும் பேருந்தில் குழந்தை என்னோடு உட்கார்ந்தது. அவள் எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குழந்தை படத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டது. அதன் பிறகு அவள் திரும்பவில்லை. முன்னாலிருந்த கண்ணாடியைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, கதைக்கத் தொடங்கினாள். இடப்பக்கம் கடல் என்றாள். வலப்பக்கம் மலை என்றாள். தூரத்தில் தெரிவது நாங்கள் ஞாயிறுகளில் ஏறுகிற மலை, காலில் சப்பாத்தில்லாமல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள் என்றாள். கப்பலில் நாய்க்குட்டி இல்லை என்பதைச் சொன்னாள். பொரியல் கடையைச் சொன்னாள், வெங்காயத்தைச் சொன்னாள். அவ்வளவு காலமும் வடிவாக்கி அனுப்பியதையெல்லாம் ஒவ்வொன்றாக, குரலை உயர்த்தாமல், உள்ளபடியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

குழந்தை மடியிலிருந்த படத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டது. சில இடங்களில், தொலைபேசியில் சொல்வதுபோல, "ஓம் அம்மா," என்றது.

இடையில் அவள் பேச்சு நின்றது. தோள்கள் அசைவதை நான் பின்னாலிருந்து கண்டேன். பேருந்தின் இரைச்சல் மட்டும். தொடர்பு அறுந்துபோன தொலைபேசியில் பேசுவதுபோல, குழந்தை நிமிராமலே, சற்று உரக்கக் கேட்டது:

"அம்மா, இப்ப எங்கை நிக்கிறீங்கள்?"

"இஞ்சைதான் குஞ்சு," என்றாள் அவள், திரும்பாமல். "உனக்கு முன்னுக்கு."